ட்ரெபிள் திருகைத் தொடாதீர்கள்: 'டெட் கேன் டான்ஸ்' முதல் ஆல்பத்தைக் கேட்கும் விதம்

என் சித்தப்பா மணப்பாறைப் பக்கம் மைக் செட் வைத்திருந்தார். பள்ளி விடுமுறை என்றால் எனக்கு வயர் சுற்றும் வேலை. மரத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டும் அளவுக்குத் தைரியம் இல்லாததால் ஆம்ப் பக்கத்திலேயே உட்கார வைத்துவிடுவார். அங்கே உட்கார்ந்து நான் கற்றுக்கொண்ட ஒலி சாஸ்திரம் ஒரே வரிதான்: "சத்தம் கலங்கலா இருந்தா ட்ரெபிளைக் கூட்டு." ட்ரெபிள் என்பது சத்தத்தின் கூரான, மெல்லிய மேல்பகுதி. அம்மன் பாட்டுக்கு அதைக் கூட்டுவது சரி. இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஊருக்கும் வார்த்தை கேட்க வேண்டுமே.

இந்தச் சட்டத்தை நம்பித்தான் 'டெட் கேன் டான்ஸ்' குழுவின் முதல் ஆல்பத்தை ஒரு வாரம் பாழாக்கினேன். அதே பாதையில் வருகிறவர்கள் அந்த வாரத்தை மிச்சப்படுத்திக்கொள்ளட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நம்மில் பெரும்பாலோர் இந்தக் குழுவிடம் வந்து சேரும் வழி ஒன்றுதான். 2000ல் வந்த 'கிளாடியேட்டர்' படம். அதில் கோதுமைக் கதிர்களைக் கை தடவிப் போகும்போது பின்னால் ஒரு பெண் குரல் வருமே, அது லிசா ஜெரார்ட். ஹான்ஸ் சிம்மரும் அவரும் சேர்ந்து செய்த அந்த இசைக்கு கோல்டன் குளோப் கிடைத்தது. 'யார் இந்தப் பெண்?' என்று தேடினால் டெட் கேன் டான்ஸ் வரும். எதையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்ற நல்ல பழக்கம் உள்ளவர்கள் நேராக 1984ல் வந்த முதல் ஆல்பத்தைப் போடுவார்கள். குழுவின் பெயரே ஆல்பத்தின் பெயரும். அங்கேதான் சறுக்கல். பெரிய கோயில் மண்டபத்தில் குரல் மிதந்து வரும் என்று காத்திருந்தால், கதவைச் சாத்திய அறைக்குள் யாரோ ட்ரம்ஸ் அடிக்கிறார்கள், கிட்டார் புகைமூட்டமாக வருகிறது. மூன்றாவது பாட்டுக்குள் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள்.

எழுந்து போகாமல் இருக்க முதலில் யார் கையில் என்ன இருந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும். லிசா ஜெரார்ட் மெல்போர்னில் பிறந்தவர். பிரஹ்ரான் என்ற பகுதியில் கிரேக்கர், துருக்கியர், இத்தாலியர், ஐரிஷ்காரர்கள் என்று எல்லாரும் கலந்து வாழ்ந்த தெருக்களில் வளர்ந்தார். சிறுமியாக இருந்தபோதே எந்த மொழியிலும் இல்லாத சொற்களை இட்டுப் பாடத் தொடங்கியவர். பிரெண்டன் பெர்ரி லண்டனில் பிறந்து நியூசிலாந்துக்குப் போனவர். அங்கே 'ஸ்கேவஞ்சர்ஸ்' என்ற பங்க் குழுவில் (பங்க் என்றால் முரட்டு வேகத்தில் அடிக்கிற ராக்) பேஸ் கிட்டார், அதாவது கீழ்ச்சுரங்களுக்கான தடித்த தந்திக் கிட்டார், வாசித்தவர். இருவரும் 1981ல் மெல்போர்னில் குழுவைத் தொடங்கி, அடுத்த ஆண்டே லண்டன் போனார்கள். தேம்ஸ் ஆறு வளைந்து மூன்று பக்கமும் சூழ்ந்திருக்கும் 'ஐல் ஆஃப் டாக்ஸ்' பகுதியில், நம்ம ஊர் ஹவுசிங் போர்டு மாதிரியான அடுக்குமாடிக் குடியிருப்பில் ஜாகை. கையில் காசு கிடையாது. ட்ரம்ஸ் வாசித்த பீட்டர் அல்ரிச் அதே குடியிருப்பில் கிடைத்த ஆள். அப்புறம் '4ஏடி' என்ற சிறிய இசைத்தட்டு நிறுவனத்தை நடத்திய ஐவோ வாட்ஸ்-ரஸ்ஸல் இவர்களைச் சேர்த்துக்கொண்டார்.

ஆக, பங்க் குழுவிலிருந்து வந்த பேஸ்காரர் ஒருவர், மொழி இல்லாமல் பாடுகிற பெண் ஒருவர். இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் ஆல்பத்தில் பாதி பிடிபட்ட மாதிரி.

'நியோகிளாசிக்கல் டார்க் வேவ்' (மேற்கத்திய செவ்வியல் சாயல் கொண்ட இருண்ட இசை) என்ற பெயர்ப்பலகையை இவர்கள் தலையில் மாட்டுகிறார்களே, அதை இந்த ஆல்பம் முடியும்வரை கழற்றி வைத்துவிடுங்கள். செலோ, ட்ராம்போன் எல்லாம் வரிசை கட்டி வருவது 1985ல் வந்த இரண்டாவது ஆல்பமான 'ஸ்ப்லீன் அண்ட் ஐடியல்' முதல்தான். முதல் ஆல்பத்தில் இருப்பது பெரும்பாலும் கிட்டார், பேஸ், ட்ரம்ஸ், அத்துடன் 'யாங்சின்' என்ற சீன வாத்தியம். சந்தூர் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அதற்குப் பங்காளி. நிறையத் தந்திகளை மெல்லிய மூங்கில் குச்சிகளால் தட்டி வாசிப்பது. லிசாவின் வாத்தியம் இது. பின்னால் வந்த பிரம்மாண்டத்தை இங்கே தேடினால் கிடைக்காது; அது முளைத்த விதை இருக்கிறது.

அட்டையையும் ஒரு நிமிடம் பாருங்கள். பாப்புவா நியூ கினியாவைச் சேர்ந்த சடங்கு முகமூடி ஒன்று. பக்கத்தில் குழுவின் பெயரைக் கிரேக்க எழுத்து மாதிரி கோணல்மாணலாக எழுதியிருப்பார்கள். பெயரில் 'டெட்' இருப்பதால் சாவைக் கொண்டாடும் கூட்டம் என்று அன்றைக்கே பலர் நினைத்துவிட்டார்கள். பெர்ரி கொடுத்த விளக்கம் வேறு: அந்த முகமூடி ஒரு காலத்தில் உயிருள்ள மரம், இப்போது செத்த கட்டை, செய்தவன் கைபட்டு அதற்குள் வேறொரு உயிர் வந்திருக்கிறது. செத்தது ஆடும் என்பது இந்த அர்த்தத்தில்தான். செத்த மாட்டின் தோலை இழுத்துக் கட்டிப் பறையடித்து ஆடுகிற ஊரில் பிறந்தவனுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

சரி, கேட்கும் வேலைக்கு வருவோம்.

முதலில் கருவி. விலை உயர்ந்தது எதுவும் வேண்டாம். வயர் வைத்த சாதாரண இயர்போன் போதும். ஆனால் போனுக்குள் போய் ஈக்வலைசர், பேஸ் பூஸ்ட், 'சரவுண்ட்', 'சினிமா சவுண்ட்' என்று என்ன பெயரில் என்ன இருந்தாலும் எல்லாவற்றையும் அணையுங்கள். பல போன்களில் இவை வாங்கும்போதே ஓடிக்கொண்டிருக்கும், நமக்கே தெரியாது. என்னுடைய பழைய போனில் இரண்டு இடத்தில் ஒளிந்திருந்தன: ஒன்று பாட்டுச் செயலிக்குள், இன்னொன்று போன் செட்டிங்ஸுக்குள். ஒன்றை அணைத்துவிட்டு மூன்று நாள் ஏமாந்தேன்.

நான் செய்த தவறு இதுதான். முதல் பாட்டைப் போட்டதும் எல்லாவற்றின் மேலும் ஈரத் துணி போட்டு மூடிய மாதிரி இருந்தது. சித்தப்பா சட்டப்படி ட்ரெபிளைக் கூட்டினேன். தட்டுச் சத்தம் எகிறியது, லிசாவின் குரலில் ஓரம் வெட்டியது, பேஸ் எங்கேயோ போய் ஒளிந்துகொண்டது. இன்னும் கூட்டினேன். தகர டப்பாவுக்குள் பூரான் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம்தான் மிஞ்சியது. ஏழாம் நாள் கோபத்தில் எல்லாத் திருகையும் நடுவில் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒலியையும் குறைத்துவிட்டுப் படுத்தேன். அப்போதுதான் ஆல்பம் கேட்டது.

காரணம் இருக்கிறது. இந்த ஆல்பத்தைப் பதிவு செய்தது தென்கிழக்கு லண்டனில் இருந்த பிளாக்விங் ஸ்டுடியோவில். இரண்டாம் உலகப்போர்க் குண்டுவீச்சில் சேதமாகி, வழிபாடு நின்றுபோன ஒரு தேவாலயத்துக்குள் இருந்த ஸ்டுடியோ அது. டெபெஷ் மோட் என்ற ஆங்கிலேய மின்னிசைக் குழு 1981ல் தன் முதல் ஆல்பத்தைப் பதிவு செய்ததும் அங்கேதான். வேடிக்கையைப் பாருங்கள்: தேவாலயம் மாதிரி ஒலிக்கிறது என்று பின்னாளில் பெயர் வாங்கிய குழு, நிஜத் தேவாலயத்துக்குள் உட்கார்ந்து பதிந்த ஆல்பம் மட்டும் தேவாலயம் மாதிரி ஒலிக்கவில்லை. இதன் ஒலி தங்களுக்கு நிறைவாக இல்லை என்று குழுவினரே பின்னால் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே அந்த மூட்டம் உங்கள் இயர்போனின் கோளாறு அல்ல, காதின் கோளாறும் அல்ல. ஆல்பத்திலேயே இருப்பது. அதைத் திருத்தப் பார்க்காதீர்கள். பனிமூட்டத்தில் வண்டி ஓட்டுகிறவன் ஹை பீம் போட்டால் எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரியும். விளக்கைத் தாழ்த்தினால் சாலை தெரியும். அந்தக் கதைதான்.

ஒலியை எந்த அளவில் வைப்பது? மின்விசிறிச் சத்தத்துக்கு ஒரு படி மேலே. அவ்வளவுதான். முடிந்தால் மின்விசிறியையும் நிறுத்திவிடலாம் என்பேன். ஏப்ரல், மே மாதத்தில் அதைச் சொல்ல எனக்கு மனம் வராது.

இன்னொரு முன்னேற்பாடு. இணையத்தில் கிடைப்பதும் சிடியில் வந்ததும் பெரும்பாலும் 14 பாட்டுகள் கொண்ட பதிப்பு. அசல் இசைத்தட்டில் 10 பாட்டுகள்தான். கடைசி நான்கும் அதே 1984ல் பின்னால் தனியாக வந்த 'கார்டன் ஆஃப் தி ஆர்கேன் டிலைட்ஸ்' என்ற சிறு தட்டிலிருந்து சேர்த்தவை. அவற்றின் ஒலி வேறு, மனநிலை வேறு. பத்தாவது பாட்டான 'மியூசிகா எடர்னல்' முடிந்ததும் நிறுத்திவிட வேண்டும். தனியாக ஒரு பிளேலிஸ்ட் போட்டுக்கொள்ளுங்கள், ஒரு நிமிட வேலை.

இப்போது முதல் தடவை. பாடுகிறவர்களைக் கவனிக்கவே கூடாது. பேஸ் கிட்டாரை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். சினிமாப் பாட்டில் மெட்டு குரலில் இருக்கும், பேஸ் கீழே சுவர் மாதிரி நிற்கும். இங்கே பல இடங்களில் தலைகீழ்: மெட்டைச் சுமப்பது பேஸ், கிட்டார் சும்மா மழை மாதிரி மேலே பெய்துகொண்டிருக்கும். அந்தக் காலத்து லண்டன் போஸ்ட்-பங்க் (பங்க்கிலிருந்து கிளைத்த ராக்) குழுக்கள் பலவற்றுக்கு இது வழக்கம். பழக 'ஈஸ்ட் ஆஃப் ஈடன்' நல்ல பாட்டு. ஆறாவது. முதல் 30 விநாடி பேஸை மட்டும் வாயால் முணுமுணுத்துப் பாருங்கள். முடிந்துவிட்டால் மற்ற பாட்டுகளில் அது தானாகவே காதில் விழும். ராஜா பாட்டுகளில் பேஸ் பிடித்துக் கேட்டுப் பழகியவர்களுக்கு இது இரண்டு நிமிட வேலை. உங்களுக்கு நான் சொல்லித்தர எதுவும் இல்லை.

ட்ரம்ஸ்? அது பக்கத்து வீட்டில் அடிக்கிற மாதிரிதான் இருக்கும். அப்படியே விட்டுவிடுங்கள்.

இரண்டாவது தடவை ஆல்பத்தை இரண்டாகப் பிரியுங்கள். இதைத்தான் நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் குழுவின் ரகசியமே இங்கே இருக்கிறது. ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு. பெர்ரி பாடும் பாட்டுகளில் ஆங்கில வார்த்தை உண்டு, அர்த்தம் உண்டு, ஒரு இளைஞனின் சோர்வும் கோபமும் உண்டு. 'தி ட்ரையல்', 'ஃபார்ச்சூன்', 'ஈஸ்ட் ஆஃப் ஈடன்', 'வைல்ட் இன் தி வுட்ஸ்' எல்லாம் அந்த வகை. வரிகளைத் தேடிப் படித்துக்கொண்டு கேட்டாலும் தப்பில்லை. குரல் கணீரென்று நேராக நிற்கும், அதிகம் வளையாது.

லிசாவின் பாட்டுகளுக்கு வரிகளைத் தேடாதீர்கள். 'ஃப்ரான்டியர்', 'ஓஷன்', 'த்ரெஷோல்ட்', 'மியூசிகா எடர்னல்'. இவற்றுக்கு இணையத்தில் யாராவது வரிகள் எழுதி வைத்திருந்தால் காதில் விழுந்ததை எழுதியிருப்பார்கள், அவ்வளவே. அந்தச் சொற்கள் எந்த மொழியும் இல்லை. ஆலாபனையில் 'த த ரி ந' என்று போகும்போது அர்த்தம் கேட்போமா? தாலாட்டில் 'ராராரோ'வுக்கு அகராதி பார்ப்போமா? அந்தக் காதை எடுத்துக்கொண்டு வாருங்கள்.

நான் 'ஓஷன்' கேட்டுக்கொண்டிருந்தபோது இயர்போன் பிளக் கழன்று ஹாலுக்கே கேட்டுவிட்டது. அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

"ஏன்டா, அந்தப் பொண்ணு எதுக்கு அழுவுது?"

"அழலம்மா. பாடுறாங்க."

"என்ன பாஷை?"

"பாஷையே கிடையாதும்மா."

கொஞ்ச நேரம் கேட்டார். "அப்ப சரி. நமக்குத்தான் புரியலையோன்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டுப் பூண்டுக்குத் திரும்பினார். இத்தனை வருடத்தில் லிசா ஜெரார்டைப் பற்றி நான் படித்த எதுவும் இதைவிட உதவவில்லை.

இந்த நான்கு பாட்டுகளில் 'ஃப்ரான்டியர்' தனி. ஒரே தாளக்கட்டு நிற்காமல் போகும், அதன்மேல் லிசா தன் குரலையே அடுக்கடுக்காகப் போட்டிருப்பார். ஒரு குரலைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை போக முடிகிறதா பாருங்கள். எனக்கு நாலாவது முயற்சியில்தான் முடிந்தது. 'மியூசிகா எடர்னல்' இதற்கு நேர் எதிர். தட்டும் தந்திகளும் குரலும்தான், கூட்டம் கலைந்த பந்தல் மாதிரி. 'கிளாடியேட்டர்' பெண்ணைத் தேடி வந்தவர்கள் முதன்முதலாக அவரைச் சந்திப்பது இங்கேதான், ஆல்பத்தின் கடைசியில்.

'த்ரெஷோல்ட்' எனக்கு இன்றுவரை ஒட்டவில்லை. அவசரப்படுகிறார்கள் என்று தோன்றும். உங்களுக்குப் பிடித்தால் சந்தோஷம். 'எ பாஸேஜ் இன் டைம்' பற்றி ஒரு எச்சரிக்கை: அதே பெயரில் 1991ல் ஒரு தொகுப்பு ஆல்பம் வந்தது, ஆனால் அந்தப் பாட்டு அந்தத் தொகுப்பில் இல்லை. அதைத் தேடி நான் அந்த சிடியை வாங்கினேன். தப்பு என்னுடையதுதான், பின்பக்கம் பார்க்கவில்லை. ஆனால் வருத்தமும் இல்லை, அந்தத் தொகுப்பு அருமையாக இருந்தது.

மூன்றாவது தடவை முழுதாக, வரிசை மாற்றாமல். ஐந்தாவது பாட்டான 'ஓஷன்' முடிந்ததும் ஒரு நிமிடம் நிறுத்துங்கள். அசலில் அது இசைத்தட்டைத் திருப்பிப் போடும் இடம். அந்த ஒரு நிமிட அமைதியைக் கணக்கில் வைத்துத்தான் பாட்டுகளை அடுக்கியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்; 'ஓஷன்' வாலிலேயே 'ஈஸ்ட் ஆஃப் ஈடன்' வந்து மோதினால் இரண்டும் கெடுகின்றன. தண்ணீர் குடியுங்கள், கொல்லைக் கதவைச் சாத்தியாயிற்றா என்று பாருங்கள், திரும்பி வாருங்கள். முதல் பாட்டு 'தி ஃபேட்டல் இம்பாக்ட்' கூட இந்தத் தடவைதான் தன் வேலையைக் காட்டும். தனியாகக் கேட்டால் அது ஒன்றுமில்லாத பாட்டு. வரிசையில் கேட்டால் கதவு திறக்கிற சத்தம்.

முழு ஆல்பமும் முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, தூக்கத்துக்கு முன்னால் இருக்கிற இடைவெளிக்குச் சரியாக இருக்கும். பேருந்தில் வேண்டாம். எஞ்சின் சத்தமும் இந்த பேஸும் ஒரே உயரத்தில் ஓடுவதால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். திருச்சி–மதுரை வழியில் முயன்று பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

இந்த மூன்று தடவைக்கும் மூன்று நாள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே இரவில் மூன்று முறை ஓட்டினால் எல்லாம் கஞ்சியாகிவிடும். அதன் பிறகு, ஒரு வாரம் கழித்து, ஒதுக்கி வைத்த நான்கு பாட்டுகளுக்குப் போகலாம். அந்தச் சிறு தட்டின் அட்டையை பெர்ரியே வரைந்தார்: ஒரு தோட்டத்துக்குள் கண்ணைக் கட்டிக்கொண்டு நிற்கும் நிர்வாண மனிதன். அதில் 'கார்னிவல் ஆஃப் லைட்' என்ற பாட்டிலிருந்து தொடங்குங்கள். யாங்சினும் தாள வாத்தியங்களும் முன்னுக்கு வந்துவிட்டன, கிட்டார் பின்னுக்குப் போய்விட்டது. சில மாத இடைவெளிதான். ஈரத் துணியை யாரோ பாதி விலக்கிய மாதிரி இருக்கும். 1985 ஆல்பத்துக்கும், 1987ல் வந்த 'விதின் தி ரெல்ம் ஆஃப் எ டையிங் சன்' ஆல்பத்துக்கும் போகிற சாலை இங்கே தொடங்குகிறது. அந்த 1987 தட்டில் ஒரு பக்கம் முழுக்க பெர்ரி, மறுபக்கம் முழுக்க லிசா. இரண்டு அடுப்பு என்று சொன்னேனே, அங்கே சமையலறையையே இரண்டாகப் பிரித்துவிட்டார்கள்.

கடந்த பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது 'கார்னிவல் ஆஃப் லைட்' பாட்டை சித்தப்பாவின் ஷெட்டில் ஒரு பழைய பாக்ஸ் ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினேன். இப்போது அவர் தொழிலை விட்டுவிட்டார், ஆம்ப் மட்டும் இருக்கிறது. கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். "தட்டுறது யாரு, நம்ம ஆளா?" என்றார். இல்லை என்றேன். "நல்லா தட்டுறான்." அப்புறம் முதல் ஆல்பத்திலிருந்து 'ஃப்ரான்டியர்' போட்டேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு அவர் கை ட்ரெபிள் திருகுக்குப் போனது. எட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"கலங்கலா இருக்குடா."

"இருக்கட்டும் சித்தப்பா. பாட்டு முடியட்டும்."

பாட்டு முடியும்வரை கையை எடுக்கவும் இல்லை, திருகவும் இல்லை.